‘ரு’ பக்கத்தைக் கிழித்தது யார்?

அத்தியாயம் ஆறு

“ஒரே ஒரு எழுத்துக்காக எங்கயாவது கொலை விழுந்திருக்கா, பாஸ்?” என்று கேட்டாள் கிரிகோ.

“இதுவரைக்கும் இல்லை. நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு” என்றார் உஷிகுபோ.

மணி இரண்டு நாற்பது. ஆமாகாசாகி கடைத்தெருவின் தகரக் கூரைக்கு அடியில், ‘ஹிமாவாரி’ காபிக் கடையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சவரக்கடை ஷிகேமாட்சு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாடவில்லை, குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றாததால், எதிர்ச்சாரி மீன் கடையில் நின்றவர்கள்வரை வழக்கு விவரம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. எக்கோ வேறு போட்டிருந்தார்கள்.

“கிழிச்சது அந்தத் தோஃபுக்காரன்தான்... தான்... தான்!”

“பாருங்க, எக்கோவே சாட்சி சொல்லுது” என்றாள் கிரிகோ.

உஷிகுபோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இதே தெருவில் ஆக்டோபஸ் உருண்டை சுடும் கடைக்கு மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். காணாமல் போன பூனைகளையும் காணாமல் போன கணவர்களையும் தேடித் தருவது அவர் தொழில். பூனைகள் பெரும்பாலும் தாமாகவே திரும்பிவிடும். கிரிகோ ஒன்பது வருடம் மேடையில் இரட்டையர் நகைச்சுவை செய்தவள். ஜோடிக்காரி ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து, கிரிகோவின் ஜோக்குகள் எல்லாம் பாஸ் தலையில்தான் விழுகின்றன. அவர் சிரித்ததே இல்லை, சம்பளத்தை நிறுத்தியதும் இல்லை.

உள்ளே போனார்கள். மதியக் கூட்டம் நிறைந்திருந்தது. ஹிமாவாரியில் பகல் ஒரு மணிக்குக் காபியோடு பாட்டும் தொடங்கிவிடும். இன்று புதன்கிழமை, அதிலும் வருடாந்திரப் பாட்டுக்குப் பாட்டின் இறுதிச் சுற்று.

விளையாட்டு சுலபம். ஒருவர் பாடிய பாட்டின் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் தலைப்பை அடுத்தவர் எடுத்துப் பாட வேண்டும். வாயால் சொன்னால் போதாது. ஒரு நிமிடத்துக்குள் கடையின் பாட்டுப் புத்தகத்தில் அந்தத் தலைப்பின்மேல் விரல் வைத்துக் காட்ட வேண்டும். தலையணை கனத்துக்கு இருந்த அந்தப் புத்தகம் கடையில் ஒன்றே ஒன்று.

இதில் ‘ரு’தான் எமன். ஜப்பானிய மொழியில் ‘ரு’வில் முடியும் வார்த்தைகள் கொட்டிக் கிடக்கின்றன. ‘ரு’வில் தொடங்குவது என்றால் அகராதியே கையை விரித்துவிடும். ஆகவே எதிராளியின் தலையில் ‘ரு’வைப் போட்டுவிட்டு, காபியை ஊதிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் ஜெயிக்கிற வழி. அந்த வித்தையில், சோயாப் பால்கட்டி விற்கும் தோஃபு கடை தோகிஜியை மிஞ்ச ஆளில்லை. தெருவில் அவருக்குப் பெயரே ‘ரு ராஜா’.

இப்போது அந்தப் புத்தகத்தில் ‘ரு’ பக்கத்தைக் காணோம்.

“சனிக்கிழமை பயிற்சி பண்ணலாம்னு புரட்டினேன். பக்கம் அவுட்!” ஷிகேமாட்சு மைக்கிலேயே பேசினார். “புத்தகத்துல ‘ரு’ இல்லைன்னா யாரால விரல் வைக்க முடியும்? அந்த ஆள் ‘ரு’ போட்டா போட்டதுதான். போன புதன்கிழமை கடைசியா புத்தகத்தை மடியில வெச்சிருந்ததும் அவன்தான். நாலு மணிக்குள்ள பக்கம் வரலைன்னா, அவனுக்கு இறுதிச் சுற்றும் கிடையாது, ஹிமாவாரியும் கிடையாது. ஆயுசுக்கும்!”

“அண்ணே, மைக்கை வெச்சுட்டுப் பேசுங்க. பக்கத்துல நிக்கறவங்களுக்கு முடி கொட்டிடப்போகுது. கொட்டிட்டா உங்க பொழப்பு என்னாகும்?” என்றாள் கிரிகோ.

கடைக்காரி ஃபுமியோ அக்கா கவுன்டருக்குப் பின்னால் கையைப் பிசைந்தார். “எனக்கு இதுல இஷ்டமே இல்லை, உஷிகுபோ சான். ஆனா எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாங்க. தோகிஜி சான் வாயைத் திறந்து ‘நான் கிழிக்கலை’ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். சொல்ல மாட்டேங்கறாரே!”

ஆயுசுக்கும் ஹிமாவாரி கிடையாது என்றால் தோகிஜிக்கு என்ன போகும் என்பது கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். புதன்கிழமைகளில் அவர் மதியமே தோஃபு கடையைச் சாத்திவிட்டு, முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து ஒரே நாற்காலியில் உட்காருவார். அதற்கு இரண்டு மேஜை தள்ளி, துணி திருத்தும் கடை வைத்திருக்கும் மினே சான் உட்காருவார். கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது அவருக்கு. தோகிஜி கல்யாணமே செய்துகொள்ளாதவர். தோகிஜியின் மனசில் இருப்பது தெருவுக்கே தெரியும், மினே சானுக்கு மட்டும் தெரியாது என்பதுதான் தெருவின் கணிப்பு.

மினே சான் இப்போதும் அதே மேஜையில் இருந்தார். தையல் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உஷிகுபோவைப் பார்த்துச் சின்னதாகத் தலை குனிந்தார். இந்த வழக்கைக் கொண்டுவந்தவரே அவர்தான். திங்கட்கிழமை அலுவலகப் படியேறி வந்து, “தோகிஜி சான் கிழிக்கலைன்னு மட்டும் நிரூபிச்சுக் கொடுங்க. யார் கிழிச்சதுன்னெல்லாம் கண்டுபிடிக்க வேண்டாம். பாவம், உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்” என்று சொன்னார். கூலியாக உஷிகுபோவின் மூன்று பேன்ட்டுகளுக்குக் கீழ்மடிப்பு வைத்துத் தந்தார். முழு வழக்கில் பாதி வழக்கு மட்டும் கேட்கும் சிக்கனக்காரியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கிரிகோ அன்றைக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

உஷிகுபோ மெலன் சோடாவும் அதன்மேல் ஐஸ்கிரீமும் கேட்டார். எந்த வழக்கிலும் முதல் காரியம் அவருக்கு அதுதான். பிறகு புத்தகத்தைத் திறந்தார்.

“கிரிகோ, இதைப் பாரு.”

பக்கம் இருந்த இடத்தில் விரலகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. அதைக் கிழித்ததாகச் சொல்ல முடியாது, கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார்கள். வெட்டிய ஓரம் பிரிந்து அடுத்த பக்கங்கள் கழன்றுவிடாமல், வெள்ளையாக ஒரு துணிப் பட்டையை வைத்து ஒட்டியும் இருந்தார்கள்.

“என்னடா இது! திருடிட்டுக் கட்டும் போட்டுட்டுப் போயிருக்கான்!” கிரிகோ பட்டையைத் தடவினாள். சட்டென்று அவள் குரல் இறங்கியது. “பாஸ். கத்தரிக்கோல். வெள்ளைப் பட்டை. கன்னத்துல வெட்டுப்பட்டா ஒட்டுவாங்களே, அது. இந்தத் தெருவுல இது ரெண்டும் யார் கடையில இருக்கு?”

அவள் கண்ணால் ஷிகேமாட்சுவைக் காட்டினாள். அவர் மேல்சட்டைப் பையில் கத்தரிக்கோல் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இறுதிச் சுற்றுல தோகிஜிக்கு எதிராளி யாரு? இவரேதான். தானே வெட்டிட்டு, பழியை அவர் மேல போட்டு, போட்டியில்லாமலே கோப்பையைத் தூக்கிட்டுப் போக ஏற்பாடு. கேஸ் முடிஞ்சது. ஐஸ்கிரீம்ல எனக்குப் பாதி.”

உஷிகுபோ கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். “ஃபுமியோ அக்கா, ‘ரு’வில மொத்தம் எத்தனை பாட்டு?”

“பதினொண்ணு. கடைசி வரைக்கும் எண்ணியிருக்கோமே.”

“பதினோரு பாட்டு அரைப் பக்கத்துக்குக்கூடக் காணாது. அப்ப அதே பக்கத்துல மேலே ‘ரி’ இருந்திருக்கும். திருப்பினா ‘ரெ’ இருந்திருக்கும். சனிக்கிழமையிலேருந்து எல்லாரும் ‘ரு’வைக் காணோம், ‘ரு’வைக் காணோம்னு அடிச்சுக்கறீங்க. ‘ரெ’வைக் காணோம்னு ஒருத்தர்கூட வருத்தப்படலையே!”

‘ரெ’வைப் பற்றி யாருமே நினைக்கவில்லை. ‘ரெ’யில் யாரும் மாட்டிக்கொண்டதில்லை, அதனால் அது ஒரு எழுத்தாகவே யாருக்கும் படவில்லை.

“எதுக்கு அதெல்லாம்” என்றார் மினே சான் மெல்ல. “அவர் கிழிக்கலைன்னு சொன்னா போதாதா?”

“போதும்தான்” என்றார் உஷிகுபோ. “இந்தப் புத்தகம் நாளையிலேருந்து இங்கே இருக்காதாமே, அக்கா?”

“புது மெஷின் வருது. தொட்டா பாட்டு வரும். போன புதன்கிழமைதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். புத்தகத்தை நாளைக்குப் பழைய பேப்பர் வண்டியில போட்டுடுவேன். நாலு டாய்லெட் ரோல் தருவான்.”

“ஆக, நாளைக்கு ரோலா மாறப் போற புத்தகத்துல ஒரு பக்கம் திருட்டு” என்றாள் கிரிகோ. “அவசரக்காரன் போலிருக்கு. வண்டி வரைக்கும்கூடத் தாங்கலை.”

தோஃபு கடை நான்கு கடை தள்ளி இருந்தது. பாதி சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் தோகிஜி முழங்கைவரை தண்ணீரில் விட்டு, தோஃபு கட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. நல்ல தோள்கள், காதில் செருகிய பென்சில். இன்றும் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டைதான் போட்டிருந்தார்.

“எழுதிக்குங்க. நான்தான் கிழிச்சேன்” என்றார் தோகிஜி, அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே.

“எதை வெச்சு?”

“கையாலதான்.”

“வெட்டியிருக்கு, அண்ணே. கத்தரிக்கோல்” என்றாள் கிரிகோ. “முதல்ல என்ன குற்றம்னு தெரிஞ்சுக்கிட்டு ஒத்துக்குங்க. எங்க தொழிலுக்கும் ஒரு மரியாதை வேணாமா?”

தோகிஜிக்குப் பின்னால் சுவரில் கரும்பலகை தொங்கியது. வீட்டுப் பெயர்கள், எதிரே எத்தனை கட்டி என்று சாக்பீஸ் கோடுகள். எதை எண்ணினாலும் இந்த ஊரில் ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று என்று போடுவதில்லை. எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு கோடாக, ஐந்து கோட்டில் முடியும் ஓர் எழுத்தைப் போடுவார்கள். அதற்கு அர்த்தம் ‘சரி’. மேல்கோட்டில் தொடங்கி, அடிக்கோட்டில் முடிப்பது பள்ளிக்கூடத்து முறை.

கிரிகோ பலகையை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அண்ணே, இது என்ன அநியாயம்? கானேதா வீட்டுக்கு நேரா ‘நில்’னு எழுதியிருக்கு! அவங்களுக்குத் தோஃபு நிறுத்திட்டீங்களா?”

“நாலு கட்டி. அவ்வளவுதான்” என்றார் தோகிஜி சங்கடத்தோடு. “நான் கீழேயிருந்து மேலே போவேன். அடிக்கோடு முதல்ல, கூரை கடைசியில. வீடு கட்டற மாதிரி. சின்ன வயசுல வாத்தியார் அடிச்சும் மாறலை.”

விஷயம் இதுதான். அந்த ‘சரி’ எழுத்தில் மேல்கோட்டை மட்டும் விட்டுவிட்டால், மிச்சம் நிற்பது ‘நில்’ என்ற வேறோர் எழுத்து. முறைப்படி மேலிருந்து எழுதுகிறவனுக்கு அந்த ஆபத்து இல்லை. தோகிஜியின் நான்குகள் எல்லாமே ‘நில்’ என்று நின்றன. ஐந்து முடிந்தால் ஊரார் எழுதியதுபோல் ஒழுங்காகிவிடும்.

“மூணு வருஷம் முன்னாடி கானேதாம்மா இதைப் பார்த்துட்டு அழுதுக்கிட்டுக் கடையே மாத்திட்டாங்க. அப்புறம் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்தேன்.”

“நல்ல வேளை நீங்க டிராபிக் போலீஸ் ஆகலை” என்றாள் கிரிகோ.

உஷிகுபோ சிரிக்கவில்லை. “பக்கம் கிடைச்சா என்ன பண்ணுவோம் தெரியுமா, தோகிஜி சான்? எல்லார் முன்னாடியும் விளக்கு வெளிச்சத்துல பிடிச்சு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்போம்.”

தோகிஜியின் கையிலிருந்த கட்டி நழுவித் தரையில் விழுந்து சிதறியது. முப்பத்தைந்து வருடத் தொழிலில் அவர் கீழே போட்ட முதல் கட்டி அது. “வேணாம்” என்றார். “தேடவே வேணாம். நான்தான்னு சொல்லிடுங்க. புதன்கிழமை போயிடும். தெரியும். போகட்டும். எனக்கு அந்த ரெண்டு மணி நேரம்தான் ஒரு வாரமே. ஆனா அந்தப் பக்கம் வெளியே வர்றதுக்கு, அது போனாலே தேவலை.”

கிரிகோவுக்குத் தொண்டையில் வந்த ஜோக் அங்கேயே நின்றுவிட்டது. குற்றம் செய்யாத மனுஷன், ஆயுசு தண்டனையைக் கெஞ்சி வாங்குகிறான். மேடையில் இப்படி ஒரு பாத்திரம் எழுதியிருந்தால் நம்பமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

“கைத்துண்டை வெச்சுட்டு வாங்க” என்றார் உஷிகுபோ. “வந்து தோத்துட்டுப் போங்க. வராம தோக்கறது உங்க சட்டை இஸ்திரிக்கு அவமானம்.”

நான்கு மணிக்கு ஹிமாவாரியில் நிற்க இடமில்லை. உஷிகுபோ நடுவில் வந்து நின்று பேசியதைக் கேட்டு கிரிகோவுக்கு மயக்கமே வந்தது.

“ஷிகேமாட்சு சான், போட்டி நடக்கட்டும். பக்கத்தை இவர் எடுத்திருந்தா இவர்கிட்டதான் இருக்கணும். அப்ப நீங்க இவருக்கு ஒரு ‘ரு’ போடுங்க. ஒரு நிமிஷத்துல இவர் விரல் வெச்சுக் காட்டலைன்னா, தோல்வி. இந்த வாசல்படியும் இவருக்கு இனிமே இல்லை. நானே கையெழுத்துப் போடறேன்.”

“அட, இது ஆம்பளை பேச்சு!” என்று குதித்தார் ஷிகேமாட்சு.

கிரிகோ பாஸின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “காப்பாத்தச் சொல்லிக் காசுக்குப் பதிலா பேன்ட்டு தைச்சுக் கொடுத்திருக்காங்க. நீங்க கயிறு முறுக்கிக் கொடுக்கறீங்களே! பக்கத்தை வெட்டினதே அந்தச் சவரக்கடை. அவன் ‘ரு’ போட்டா இவர் எங்கே போவார்?”

“பக்கம் யார்கிட்ட இருக்கோ, அவங்க தோகிஜி வெளியே போறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்களான்னு பார்ப்போம்” என்றார் அவர், ஐஸ்கிரீம் கரண்டியை நக்கிக்கொண்டே.

போட்டி தொடங்கியது. தோகிஜிக்கு முதல் பாட்டிலேயே சுருதி எங்கேயோ போனது. இரண்டு மேஜை தள்ளி அவர் பார்க்கவேயில்லை. ஆறு பாட்டு போயிற்று. ஏழாவதாக தோகிஜி பாடியது ‘செ’யில் முடிந்தது. ஷிகேமாட்சு புத்தகத்தைப் புரட்டி, படாரென்று விரல் வைத்தார்.

“‘செந்தோ நோ காயேரு’!”

குளியல் கூடத்துத் தவளை. தவளைக்குக் ‘காயேரு’ என்று பெயர் வைத்தவன் இந்த மாதிரிக் கிராதகர்களை நினைத்துத்தான் வைத்திருப்பான். ஷிகேமாட்சு கன்னத்தை உப்பிக்கொண்டு, நடுவில் மூன்று இடத்தில் தவளைபோல் கத்திக்கொண்டு, மூன்று சரணமும் பாடி முடித்தார். கடைசி ‘ரு’வை இழுத்த இழுப்பில் எக்கோவே களைத்துப் போனது.

“‘ரு’!” என்றார். “காட்டு, ராஜா!”

ஃபுமியோ அக்கா முட்டை வேகவைக்கும் கடிகாரத்தை ஒரு நிமிஷத்துக்குத் திருப்பினார். எல்லோரும் பார்க்கட்டும் என்று உஷிகுபோ அதை வாங்கிக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்று உயரத் தூக்கிப் பிடித்தார். தோகிஜி புத்தகத்தைத் தொடவேயில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நாற்பது விநாடி. முப்பது.

கிரிகோவின் கண்ணுக்கு நேரே நாற்காலிமேல் பாஸின் கால்கள் இருந்தன. பேன்ட்டின் இடது கால் கீழ்மடிப்பு ஓர் ஓரத்தில் பிரிந்து தொங்கியது. உள்ளே வெள்ளையாக ஒரு துணிப் பட்டை. தைக்காமல், இஸ்திரிச் சூட்டில் மடிப்பை ஒட்டுகிற பட்டை. மேடைக் கோட்டுகளுக்கெல்லாம் அவளே ஒட்டியிருக்கிறாள், விளக்குச் சூட்டில் பிரிந்து மானத்தை வாங்கியும் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தாள். மதியம் புத்தகத்தில் தடவிய அதே சொரசொரப்பு.

கன்னத்தில் ஒட்டுகிற பட்டை இல்லை அது. சவரக்கடை இல்லை. வெட்டின ஓரம் பிரிந்து கிடந்தால் கை பொறுக்காத ஆள் இந்தத் தெருவில் ஒருவர்தான்.

“பாஸ்” என்று கால்களைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். “தடயம் உங்க கால்ல இருக்கு.”

“செவ்வாய்க்கிழமையிலேருந்து போட்டுக்கிட்டுத்தானே சுத்தறேன்” என்றார் அவர், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “நீதான் கவனிக்கலை.”

பதினைந்து விநாடி. ஷிகேமாட்சு கோப்பை இருந்த அலமாரிப் பக்கம் நடக்கவே தொடங்கிவிட்டார்.

“இருங்க!”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மினே சான் எழுந்து நின்றார். தையல் பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகப் போட்டிருந்த ஒரு தாளை எடுத்து, நான்கே எட்டில் வந்து தோகிஜியின் முன்னால் வைத்தார். “விரலை வைங்க. சீக்கிரம்!”

தோகிஜி தாளைப் பார்த்தார். மினே சானைப் பார்த்தார். ஐந்து விநாடி. நான்கு. இரண்டு உள்ளங்கைகளாலும் தாளை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலை மட்டும் நீட்டினார்.

“‘ருசு நோ ஹாரு’!”

ஆளில்லாத வீட்டு வசந்தம். கடை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து, அடுத்த கணம் ஆரவாரமாக வெடித்தது. ‘ரு’வில் தொடங்கி ‘ரு’விலேயே முடிகிற ஒரே பாட்டு அது. அதை அவர் முழுதாகப் பாட வேண்டியதுகூட இல்லை, இறுதிச் சுற்றில் முதல் சரணம் போதும். பாடினார். சுருதி எங்கிருந்தோ திரும்பி வந்திருந்தது. வந்த எமன் வந்த வேகத்தில் ஷிகேமாட்சுவின் மடியில் போய் உட்கார்ந்தான். உஷிகுபோ கடிகாரத்தை மறுபடி ஒரு நிமிஷத்துக்குத் திருப்பினார்.

“என் நிமிஷம் ஓடுது! பக்கத்தைக் கொடுய்யா!” ஷிகேமாட்சு தாளைப் பிடித்து இழுத்தார். தோகிஜி விடவில்லை. “கையை எடுய்யா! ஏன்யா இப்படிப் பிடிச்சுக்கற?” ஒரே இழுப்பு. தாள் வந்தது. வந்த வேகத்தில் பின்பக்கம் திரும்பி மேஜையில் விழுந்தது.

“இது ‘ரெ’ ஆச்சே... இது என்னய்யா பென்சில்ல? எந்தக் கடை ஆர்டர்?”

எல்லோரும் குனிந்தார்கள். பக்கத்தின் முதல் தலைப்பு ‘ரெங்கா தோரி நோ ஃபுதாரி’. செங்கல் தெருவில் நாம் இருவர். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிற பாட்டு. அந்தத் தலைப்புக்கு எதிரே தொடங்கி, ஓரம் நெடுக இறங்கி, கீழே திரும்பி, மறு ஓரத்தில் ஏறி, பென்சிலில் பொடிப் பொடியாக எழுத்துகள். ‘சரி’. ‘சரி’. ‘சரி’. கிரிகோ எண்ணினாள். நாற்பது.

நாற்பத்தோராவதில் கூரை இல்லை. ‘நில்’ என்று நின்றது.

முழுசாக முடிந்த ‘சரி’யை யார் எழுதினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. முடியாமல் நின்ற அந்த ஒன்றே ஒன்றைப் பார்த்ததும், அந்தத் தெருவில் தோஃபு வாங்கிச் சாப்பிடும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் திரும்பி தோகிஜியைப் பார்த்தார்கள். அவருக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது.

“ஒவ்வொரு புதன்கிழமையும்...” என்று தொடங்கி, தொண்டையைச் செருமினார். “இந்தப் பாட்டைச் சேர்ந்து பாடலாமான்னு கேக்கணும்னு வருவேன். கேக்காம போயிடுவேன். கேக்காத வாரத்துக்கு ஒரு கோடு.”

“இருநூத்து நாலு கோடு!” என்றாள் கிரிகோ. “நாலு வருஷமா?”

“நடுவுல ரெண்டு வாரம் காய்ச்சல். அதைக் கணக்குல சேக்கலை.”

கடையில் யாரும் சிரிக்கவில்லை. ஃபுமியோ அக்கா மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

“போன வருஷமே பார்த்துட்டேன்” என்றார் மினே சான். தாளைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். “தினம் உங்க பலகையைப் பார்த்துத்தானே தோஃபு வாங்கறேன். வாரா வாரம் ஒரு கோடு ஏறும். எனக்கு அதுவே போதும்னு இருந்துது. போன புதன்கிழமை, அடுத்த வாரம் வண்டியில போட்டுடுவேன்னு இவங்க சொல்றாங்க. நாலு டாய்லெட் ரோலுக்கு! எடுத்துப் பார்க்கறேன், நாற்பது ‘சரி’ போட்டுட்டு, கடைசியில ‘நில்’னு போட்டிருக்கீங்க.”

“அது ‘நில்’ இல்லைங்க. நாலுங்க. வெறும் நாலு.”

“தெரியும். உங்க கடையில பார்த்தா நாலுதான். அந்த இடத்துல பார்த்தப்ப, என் புத்திக்கு நாலுன்னு தெரியலை. இந்த மனுஷன் நிறுத்திட்டார் போலிருக்கேன்னு ஆயிடுச்சு. அதான் வெட்டி எடுத்துட்டேன். உங்க மேல பழி வரும்னு நினைக்கவேயில்லை. வந்ததும், எடுத்தது நான்தான்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு நான் எப்படிச் சொல்றது? அதான் இவர்கிட்ட போய்ப் பாதி வழக்கு மட்டும் கொடுத்தேன்.”

கிரிகோ பாஸைப் பார்த்தாள். அவர் இன்னும் நாற்காலிமேல் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிரிந்த மடிப்பு காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துபோனதை அவள் பார்த்தாள். அவள் ஜோக்குக்கு இல்லை என்பதுதான் வருத்தம்.

“யோவ், கேளுய்யா!” என்று கத்தினார் ஷிகேமாட்சு. தன் நிமிஷம் ஓடிக்கொண்டிருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. “அவங்களே இவ்வளவு சொன்ன பிறகும் மரம் மாதிரி நிக்கறியே! கேளு!”

தோகிஜி வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ‘ரெங்கா’வில் பாதிகூட வெளியே வரவில்லை.

மினே சான் கையை நீட்டி, அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினார். தாளின் மேல் குனிந்தார். நாற்பத்தோராவது எழுத்துக்கு மேலே, அளவெடுத்தமாதிரி ஒரே நேராக, ஒரு கோடு போட்டார்.

கூரை ஏறியது. ‘நில்’ போய் ‘சரி’ ஆயிற்று.

முட்டைக் கடிகாரம் கிர்ரென்று அடித்தது. ஷிகேமாட்சு தோற்றுப் போனார். அவர் உள்பட ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“அட, என்ன இது!” என்றாள் கிரிகோ. “அவர் இன்னும் கேக்கவேயில்லையே!”

“அவர் கேக்கறதுக்கு இன்னும் நாலு வருஷம் ஆகும்” என்றார் மினே சான். “அந்த ரெண்டாவது மைக்கை இப்படிக் கொடும்மா.”